0/35: செம்புக் கம்பியில் வாழ்ந்த சிமிழின் வரலாறு

மதுராந்தகத்தில் நாம் குடியிருந்த வீட்டுக்கு 2007ஆம் ஆண்டில் அகலப்பட்டை இணைய இணைப்பு வந்தது. மோடத்தைச் சென்னை ரிச்சி தெருவில் நாமே வாங்கி வந்திருந்தோம். தொலைபேசிக் கம்பியைச் செருகியதும் ‘டிஎஸ்எல்’ என்று எழுதிய விளக்கு சற்றுநேரம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தது. அதற்கு அடுத்திருந்த இணைய விளக்கோ எரியவே இல்லை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றி மாற்றித் தட்டெழுதியதில் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. மறுநாள் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர் வந்து மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். விபிஐ, விசிஐ என்னும் இரு கட்டங்களில் 8, 35 என்று இருந்தன. எட்டை அழித்துவிட்டுச் சுழியம் இட்டார். விளக்கு எரிந்தது. ‘என்ன எண்கள் இவை?’ என்று வினவினோம். ‘ஐயா, பிஎஸ்என்எல்லுக்கு 0, 35 போடணும். அவ்வளவுதான்’ என்றார்.

அந்த ‘அவ்வளவுதான்’ நம்மை விடவில்லை. அக்காலத்தில் தமிழகத்தின் சிற்றூர்களில் மோடம் பொருத்திய ஒவ்வொருவரும் இவ்விரு எண்களைப் பொருள் அறியாமலே எழுதினர். அவற்றின் பின்னே பாரிசும் ஜெனிவாவும் வாதிட்ட ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் வீடுகளுக்குக் கிடைத்த பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் பேசப்போகும் முறையின் பெயர் ஏடிஎம். பணம் எடுக்கும் பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஒத்தியங்காப் பரிமாற்ற முறை’ என்று இதனைத் தமிழாக்கலாம். இம்முறையில் செய்தி சிறு சிறு கூறுகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படும். அக்கூறுக்கு ஆங்கிலத்தில் ‘செல்’ என்று பெயர். அதுவும் கைபேசியை நினைவூட்டும் என்பதால் ‘சிமிழ்’ என்றே இங்கு வழங்குவோம். குங்குமச் சிமிழைப் போல அளவில் சிறியது. எல்லாம் ஒரே அளவினது.

‘ஒத்தியங்கா’ என்பதன் பொருளை நம் ஊர் ஏரியைக் கொண்டு விளக்குவது எளிது. சோழர் பட்டப்பெயரைத் தாங்கிய மதுராந்தகத்தின் பெருமை அதன் ஏரி. ஏரிகாத்த இராமர் கோயில் கொண்டதும் அதன் கரையில்தான். ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சுவது உழவர் வழக்கம். இந்த நாழிகை ஒருவருக்கு, அடுத்த நாழிகை மற்றவருக்கு என முறை மாறாமல் வரும். ஒருவர் வயலுக்கு அன்று நீர் வேண்டியதில்லை என்றாலும் அந்நாழிகை அவருக்கே உரியது. பழைய தொலைபேசி முறையும் இத்தகையதே. இந்தியாவில் வழங்கும் 2.048 மெகாபிட் தடத்தில் 32 இடங்கள் முறை மாறாமல் சுழன்று வரும். ஓர் உரையாடலுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டால், பேசுவோர் இருவரும் மௌனமாக இருக்கும்போதும் அந்த இடம் வெறுமையாகவே சுழலும். இது ஒத்தியங்கு முறை, முறைநீர் முறை.

இதற்கு மாற்றாக, எவருக்குத் தேவையோ அவர் அடுத்த இடத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். ஆனால் அப்போது ‘இது யாருடைய நீர்’ என்பதை நாழிகையைக் கொண்டு அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு கூறின் தலையிலும் ஓர் அடையாள எண் எழுதியாக வேண்டும். இதுவே ஒத்தியங்கா முறை. 0, 35 என்பன அப்படித் தலையில் எழுதப்படும் எண்களேயாகும்.

செய்தியைக் கூறுகளாக வெட்டி அனுப்பும் எண்ணம் 1960களில் பிறந்தது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன், போர்த்தாக்குதலில் பாதி அழிந்தாலும் இயங்கக்கூடிய வலையமைப்பு ஒன்றைப் பற்றிய தம் ஆய்வுத் தொகுதிகளை 1964இல் வெளியிட்டார். அவர் வகுத்த செய்திக்கூறின் அளவு 1024 பிட். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் 1965இல் தனியே இதே முடிவுக்கு வந்தார். அக்கூறுக்கு ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவர் அவரே. பிறமொழிகளில் எளிதில் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்கவேண்டும் என்று மொழியியலாளர் ஒருவரைக் கலந்த பின்னரே அவர் அச்சொல்லைத் தேர்ந்தார் என்பது மொழி பயில்வோர் மகிழத்தக்க செய்தி. தமிழில் அது ‘பொதி’ என்று இயல்பாகவே அமைந்துவிட்டது. 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் முதற்செய்தி பொதிகளாகச் சென்றது.

பொதிமுறை கணிப்பொறிகளுக்கு ஏற்றதாயிற்று, குரலுக்கு ஏற்றதாகவில்லை. காரணம் பொதியின் அளவு. கணிப்பொறிகளின் பொதி 40 பைட்டாகவும் இருக்கலாம், 1500 பைட்டாகவும் இருக்கலாம். நம் நாட்டில் அகலப்பட்டை என்று முதலில் வரையறுக்கப்பட்ட 256 கிலோபிட் வேகத்தில் 1500 பைட்டுப் பொதி ஒன்று வெளியேற ஏறத்தாழ 47 மில்லிநொடி ஆகும். ஒற்றையடிப் பாலத்தில் வைக்கோல் வண்டி ஏறிவிட்டால் பின்னால் வரும் மிதிவண்டிக்காரர் காத்துத்தான் ஆகவேண்டும். கோப்புக்கு இத்தாமதம் ஒரு பொருட்டன்று. பேச்சுக்கு அது பெருங்கேடு.

வண்டியைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து அனுப்பினால் இடையிடையே மிதிவண்டியும் புகுந்து செல்லலாம். இதுவே ஏடிஎம்மின் அடிப்படைக் கருத்து. பிரான்சின் தொலைத்தொடர்பு ஆய்வகமான சினெட்டின் லானியோன் கிளையில் ழான்-பியேர் குத்ரூஸ் 1983இல் இதனை முன்வைத்தார். அங்கு ‘பிரெலூத்’ என்னும் சோதனை அமைப்பும் உருவாயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும் விரைவுப் பொதிமுறை ஆய்வுகள் நடந்தன. கூறுகள் யாவும் ஒரே அளவின என்றால் அவற்றைத் திசைமாற்றும் நிலைமாற்றியைச் சில்லில் அமைப்பதும் எளிதாகும். 1988இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தரக்குழுவாகிய சிசிஐடிடி, வருங்கால அகலப்பட்டை வலையமைப்புக்கு ஏடிஎம்மே அடிப்படை என்று அறிவித்தது. குரல், காட்சி, கோப்பு அனைத்தும் ஒரே சிமிழில் உலகெங்கும் செல்லும் என்பது அன்றைய கனவு.

சிமிழின் அளவு என்ன என்பதில் பிணக்கு எழுந்தது. தொலைபேசிக் குரல் நொடிக்கு 8000 பைட்டுகளாக மாற்றப்படுகிறது; அதாவது மில்லிநொடிக்கு 8 பைட்டு. 32 பைட்டுச் சிமிழைக் குரலால் நிரப்ப 4 மில்லிநொடி வேண்டும். 64 பைட்டுச் சிமிழுக்கு 8 மில்லிநொடி. சிமிழ் நிரம்பும்வரை அது புறப்படாது. இத்தாமதம் கூடினால், மறுமுனையில் பட்டுத் திரும்பும் நம் குரல் நமக்கே எதிரொலியாகக் கேட்கும். அதனை நீக்கத் தனிக்கருவிகள் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பரப்பில் சிறியவை. 32 என்று வைத்தால் உள்நாட்டு அழைப்புகளுக்கு அக்கருவிகள் இன்றியே ஒப்பேற்றிவிடலாம் என்று பிரான்சு முதலிய நாடுகள் கருதின. அமெரிக்காவோ கடற்கரைக்குக் கடற்கரை நெடுந்தொலைவு கொண்டது. எதிரொலி நீக்கிகள் அங்கு முன்பே இருந்தன. ஆகவே தலைப்பகுதியால் வீணாகும் இடம் குறையட்டும் என்று 64 கேட்டது. 1989இல் ஜெனிவாவில் உடன்பாடு காணப்பட்டது. 32க்கும் 64க்கும் நடுவே 48. தலைப்பகுதிக்கு 5. ஆக மொத்தம் 53 பைட்டு. பொறியியல் கணக்கு ஒன்றும் 48 என்று விடை சொல்லவில்லை, பஞ்சாயத்து சொல்லிற்று.

அதே ஆண்டுகளில் நம் நாட்டின் நிலையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உருவாக்கிய 128 இணைப்புகள் கொண்ட ஊர்ப்புறத் தானியங்கி இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில்தான் முதன்முதலாக இயங்கத் தொடங்கியிருந்தது. ஜெனிவாவில் சிமிழின் அளவு தீர்மானிக்கப்பட்டபோது, நம் சிற்றூர்களுக்குச் சுழற்றிப் பேசும் தொலைபேசியே புதுமை.

தலைப்பகுதியின் 5 பைட்டுகளில், அதாவது 40 பிட்டுகளில், நம் இரு எண்களும் உள்ளன. வீட்டுக்கும் இணைப்பகத்துக்கும் இடையிலான கம்பியில் விபிஐ என்னும் தட எண்ணுக்கு 8 பிட்டு; விசிஐ என்னும் கால் எண்ணுக்கு 16 பிட்டு. ஏரிமொழியில் சொன்னால் முன்னது மதகு எண், பின்னது அம்மதகிலிருந்து பிரியும் வாய்க்கால் எண். முழு முகவரியை இவ்வெண்கள் சொல்வதில்லை. அடுத்த நிலைமாற்றி வரைக்குமே அவற்றுக்குப் பொருள் உண்டு. அங்குள்ள அட்டவணை ‘இவ்வழியில் இவ்வெண்ணோடு வந்ததை அவ்வழியில் அவ்வெண்ணிட்டு அனுப்பு’ என்று கூறும். பழைய வழிப்போக்கர் ஒவ்வொரு சத்திரத்திலும் அடுத்த சத்திரத்துக்கு மட்டும் வழி கேட்டு நடந்ததைப் போன்றது இது. எஞ்சிய பிட்டுகளில் ஒன்று, நெருக்கடி நேர்ந்தால் எந்தச் சிமிழை முதலில் கைவிடலாம் என்று குறிக்கும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் வெளியேறத்தானே வேண்டும். கடைசி 8 பிட்டுகள் தலைப்பகுதியில் பிழை நேர்ந்ததா என்று சரிபார்ப்பதற்கு.

35க்கும் விளக்கம் உண்டு. கால் எண்களில் 0 முதல் 31 வரையிலானவை வலையமைப்பின் சொந்தப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. பயனருக்குரியவை 32இல் தொடங்குகின்றன. 35 அவற்றுள் நான்காவது. இதைத்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. பிரான்சில் 8/35, பிரிட்டனில் 0/38, ஜெர்மனியில் 1/32, தில்லி, மும்பை நகரங்களின் எம்டிஎன்எல்லில் 0/32 என வெவ்வேறாக வழங்கின. நாம் வாங்கிய மோடம் வேறு நாட்டு வழக்கைச் சுமந்து வந்திருந்தது. டிஎஸ்எல் விளக்கு எரிந்ததற்குக் காரணம் கம்பி சரியாக இருந்தது. இணைய விளக்கு எரியாததற்குக் காரணம் நாம் மடை மாறி நீர் விட்டோம்.

இனிச் சிமிழுக்குள் பொதி எவ்வாறு அடைபடுகிறது என்று காண்போம். தமிழ் இலக்கணம் படித்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. யாப்பின் அளவு மாறாது. கருத்தின் அளவோ மாறும். கருத்து முடிந்தும் சீர் நிரம்பாதபோது புலவன் பொருளற்ற இடைச்சொல்லைப் பெய்து நிரப்புவான். தொல்காப்பிய இடையியல் இதனை இசைநிறை என்று வகுத்திருக்கிறது. ஏடிஎம்மிலும் இசைநிறை உண்டு. 1500 பைட்டுப் பொதிக்கு 8 பைட்டு முடிவுக்குறிப்புச் சேர்த்தால் 1508. 31 சிமிழ்கள் 1488 பைட்டைக் கொள்ளும். மிஞ்சிய 20 பைட்டுக்காக 32ஆவது சிமிழ் வேண்டும். அதில் எஞ்சும் 28 இடங்களை வெற்றுப் பைட்டுகள் நிரப்பும். ஒவ்வொரு சிமிழுக்கும் தலைப்பகுதி 5 பைட்டு. ஆக 1500 பைட்டை அனுப்பக் கம்பியில் 1696 பைட்டு செல்ல வேண்டும். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் சொல்லும் 40 பைட்டுச் சிறுபொதிகூட, அகலப்பட்டைக்குரிய பிற குறிப்புகளும் சேர்ந்து, இரண்டு சிமிழ்களாகி 106 பைட்டாகிவிடும். பொறியாளர் இதனைச் ‘சிமிழ் வரி’ என்று எள்ளினர்.

எள்ளல் பெருகியதற்குக் காலமும் காரணம். ஏடிஎம் மன்றம் என்னும் தொழில் அமைப்பு 1991இல் தொடங்கியபோது இம்முறையே எதிர்காலம் என்று உலகம் நம்பிற்று. ஆனால் அலுவலக மேசைகளில் மலிவான ஈதர்நெட்டும், அதன்மேல் இணையப் பொதியும் முன்பே குடியேறியிருந்தன. கம்பிகளின் வேகமும் பெருகிற்று. 2002இல் தரம்பெற்ற 10 கிகாபிட் ஈதர்நெட்டில் 1500 பைட்டுப் பொதி 1.2 மைக்ரோநொடியில் வெளியேறிவிடும். ஒற்றையடிப் பாலம் நாற்கரச் சாலையான பின் வைக்கோல் வண்டியைப் பிரிப்பானேன்? ஏடிஎம்மின் நல்லறிவாகிய எண் மாற்றி அனுப்பும் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அளவுக் கட்டுப்பாட்டைக் கைவிட்ட எம்பிஎல்எஸ் முறை 2001இல் தரமாக வெளியாயிற்று. யாப்பை விட்டு ஓசையை வைத்துக்கொண்ட புதுக்கவிதை எனலாம்.

இனி நம் பங்குக்கு வருவோம். இந்திய அரசின் அகலப்பட்டைக் கொள்கை 2004 அக்டோபரில் வெளியாயிற்று. 2005 சனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ என்னும் சேவையைத் தொடங்கிற்று. வீட்டுத் தொலைபேசிக் கம்பியிலேயே ஏடிஎஸ்எல் முறையில் இணையம் வந்தது. 1999இல் தரப்படுத்தப்பட்ட ஏடிஎஸ்எல், தரவைச் சிமிழ்களாகவே சுமந்தது. ஆகவே இந்திய இல்லங்களுக்குள் ஏடிஎம் பரவலாக நுழைந்தது 2005இல். அதே 2005இல்தான் ஏடிஎம் மன்றம் தன் பெயரை இழந்து, எம்பிஎல்எஸ் அமைப்போடு இணைந்து மறைந்தது. தாய்வீட்டில் விளக்கணைந்த ஆண்டில் நம் வீட்டில் விளக்கேறிற்று.

இதனினும் பெரிய முரண் ஒன்று உண்டு. 48 என்னும் எண் பிறந்தது குரலுக்காக. நம் வீடுகளில் அக்குரல் சிமிழில் ஏறவே இல்லை! ஏடிஎஸ்எல் கம்பியில் 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழே பழைய முறையிலேயே பேச்சு சென்றது. 25 கிலோஹெர்ட்சுக்கு மேலே சிமிழ்கள் சென்றன. ‘ஸ்பிளிட்டர்’ என்று நாம் சுவரில் மாட்டிய சிறு பெட்டி இரண்டையும் பிரித்தது. சிமிழ் வரியை மட்டும் நாம் செலுத்தினோம்.

சரி, கணிப்பொறி வழியே பேசியோர்க்கேனும் சிமிழ் உதவிற்றா என்றால், அதுவும் இல்லை. ஒரு பொதியின் சிமிழ்களுக்கு நடுவே மற்றொன்றின் சிமிழ் புகவேண்டுமானால் இரண்டுக்கும் வெவ்வேறு கால் எண்கள் வேண்டும். ஒரே எண்ணில் செல்லும் பொதிகளின் சிமிழ்கள் கலந்துவிட்டால் மறுமுனையில் பிரித்தறிய வழியில்லை. பெரும்பாலான வீடுகளில் இருந்ததோ 0/35 என்னும் ஒரே கால். கோப்பும் பேச்சும் அதிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. 256 கிலோபிட் கம்பியில் சிமிழ் ஒன்று கடக்க 1.66 மில்லிநொடி போதும் என்றாலும், பெரும்பொதியின் 32 சிமிழ்களும் போனபின்பே பேச்சின் முதற்சிமிழ் புறப்பட்டது. மிதிவண்டிக்காரர் காத்தேயிருந்தார், வைக்கோல் மட்டும் கட்டுக்கட்டாகச் சென்றது. குறுகிய பாலம் உள்ள இடத்துக்கென்றே வகுக்கப்பட்ட மருந்து, குறுகிய பாலம் உண்மையிலேயே இருந்த நம் ஊருக்கு வந்தபோது, அதன் பயன் கழன்று விலை மட்டும் எஞ்சியிருந்தது.

இதில் எவரையும் குறைகூற இடமில்லை. வாதிட்டோர் தத்தம் நாட்டின் நிலப்பரப்பை எண்ணி நேர்மையாகவே வாதிட்டனர். ஏடிஎஸ்எல் வகுத்தோர் அன்று கையிலிருந்த சிறந்த முறையை எடுத்துக்கொண்டனர். அச்சேவை வந்திராவிடில் நள்ளிரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை அளவின்றி இறக்கிக்கொள்ளும் சலுகைக்காக அலாரம் வைத்து எழுந்து, மின்னூல்களைச் சேர்த்த நம் இளமைக்காலம் இல்லை. ஆயினும் தரம் வகுக்கும் அவையில் ஓர் ஊரின் தேவை ஒலிக்காவிடில், பிறர் தேவைக்கு வெட்டிய சட்டையையே அவ்வூர் அணிய நேரும் என்பதற்கு 0/35 ஒரு சான்று. ஜெனிவாவில் அளந்தது பிரான்சின் அகலத்தையும் அமெரிக்காவின் அகலத்தையும். மதுராந்தகத்தின் செம்புக் கம்பியை எவரும் அளக்கவில்லை.

இன்று அதே தெருவில் கண்ணாடி இழை வந்துவிட்டது. இழைக்கென 1998இல் வகுத்த முதல் தரங்களும் சிமிழ்களையே சுமந்தன. பின்வந்தவை அளவு மாறும் பொதிகளுக்கு மாறிவிட்டன. புதிய பெட்டியில் 0, 35 என்று எழுதவேண்டிய தேவையில்லை. இடையியல் நடத்தும்போது ‘பொருளில்லாத சொல்லை எதற்கையா போட்டார்கள்?’ என்று மாணவர் கேட்பதுண்டு. அளவு முன்னே முடிவாகிவிட்ட இடத்தில் நிரப்பியாக வேண்டும் அல்லவா என்று இந்தச் சிமிழின் கதையைச் சொல்கிறோம். அன்பர்கள் பரணில் பழைய மோடம் கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒருமுறை மின்னிணைப்புக் கொடுத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாம் ஒருகாலத்தில் பொருள் கேளாமல் எழுதிய அவ்விரு எண்களும் அங்கேயே இருக்கக்கூடும்.